திரும்பாத விமானங்களின் சாட்சியம்

மன்னார்த் தீவு மலையென்ற ஒன்றை அறியாத பூமி. பெருநிலத்தோடு அதனை இணைக்கும் பாலத்திலிருந்து தலைமன்னார் முனைவரைக்கும், கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலாக மாத்திரமே எழுந்து நிற்கும் மணற்றிடரும், பனங்கூடலும், உடைமரப் பற்றையும், உவர்வெளியுமே அங்கு கண்ணுக்குத் தோன்றுவன. 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் தொகுதியின் 30 கோபுரங்களே இன்று அத்தீவில் ஆகாயத்தை நோக்கி உயர்ந்து நிற்கும் பொருள்களுள் தலையாயவை. மலைச்சரிவுகளில் மோதி அழியும் சிறு விமானங்களைப் பற்றிய ஆராய்ச்சியொன்றை இத்தகைய சமபூமியை மையமாக வைத்து நிகழ்த்துவது பொருத்தமாகுமா என்ற ஐயம் வாசகருக்கு எழுதல் கூடும். ஆயினும், மலைகள் விழுங்கிய விமானங்களின் சரித்திரத்தையும், மன்னாருக்கு வடக்கே ஆழமற்ற கடலொன்று பதினான்கு வருஷகாலம் மறைத்துவைத்திருந்த விமானமொன்றின் சரித்திரத்தையும் அருகருகே வைத்து நோக்கும்போது, தனித்தனியே நோக்கினால் தெளிவாகாத ஓர் உண்மை தெளிவாகின்றது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஆகாய விமானமொன்று வீழ்ந்த கணத்தோடு அவ்விபத்து நிறைவெய்திவிடுவதில்லை. அது எங்கே வீழ்ந்தது, எதனால் வீழ்ந்தது, யாருடைய எந்தத் தீர்மானம் அவ்வீழ்ச்சிக்கு வழிகோலியது என்பவை பிரமாணங்களோடு நிலைநாட்டப்பெற்று, மாண்டோரின் உற்றாருக்கும், நாளை அதே மார்க்கத்தில் பிரயாணம் செய்யவிருக்கும் ஏனையோருக்கும் அறிவிக்கப்படும் வரையில் அது நிகழ்ந்துகொண்டேயிருக்கிறது. அந்த அறிவைப் பெறுவதற்குத் தடையாக நிற்பவை மலையின் உயரமும் கடலின் ஆழமுமே என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். சரித்திரமோ, இயற்கை இட்ட தடைகளை மனிதன் பலமுறை வென்றிருக்கிறான் என்றும், மனிதன் இட்ட தடைகளே நெடுங்காலம் நிலைத்திருந்தன என்றும் காட்டுகின்றது.

மிதவை விமானமும் மலைச்சரிவும்

மிதவை விமானம் என்பது, சக்கரங்களுக்குப் பதிலாகவோ சக்கரங்களோடு சேர்த்தோ, வயிற்றுக்குக் கீழே தோணி வடிவான இரு மிதவைகளைத் தாங்கி, நீர்ப்பரப்பிலிருந்து எழுந்து நீர்ப்பரப்பிலேயே இறங்கும் சிறு விமானமாகும். ஓடுபாதை அமைப்பதற்குச் சமதரை அகப்படாத மலைநாடுகளிலும், தீவுகள் சிதறிக் கிடக்கும் கடற்பிரதேசங்களிலும், ஏரியும் ஆறும் கழிமுகமுமே அதற்கு விமான நிலையங்களாகிவிடுவதால், கனடாவின் வடபகுதியிலும் அலாஸ்காவிலும் மாலைதீவிலும் அது ஜனங்களின் அன்றாட வாகனமாகவே விளங்குகின்றது. ஆனால் அவ்வசதிக்கு அது செலுத்தும் விலை சிறிதன்று. மிதவைகளின் பாரமும், அவை காற்றில் உண்டாக்கும் எதிர்ப்பும், விமானத்தின் வேகத்தையும் மேலெழும் ஆற்றலையும் குறைக்கின்றன. மலை ஏரிகளின் உயரத்தில் காற்று ஐதாக இருப்பதால் இறக்கைகளின் தாங்குசக்தியும் யந்திரத்தின் வலிமையும் மேலும் குன்றுகின்றன. பள்ளத்தாக்கினூடே பறந்துசெல்லும் விமானி, எதிரே நிலம் உயர்ந்துகொண்டே வருவதையும், இருமருங்கிலும் மலைகள் நெருங்கிக்கொண்டே வருவதையும் காணும் வேளையில், நிலம் உயரும் வேகத்துக்குத் தன் விமானம் உயராது என்பதையும், திரும்பிவிடலாம் என்றால் வட்டமிடுவதற்குப் போதிய அகலம் அப்பள்ளத்தாக்கில் இல்லை என்பதையும் ஒருங்கே உணர நேரிடுகின்றது. சலனமற்ற நீர்ப்பரப்போ, தான் எத்துணை தாழ்வில் இருக்கிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டாமல் ஏமாற்றும் இயல்புடையது.

இவை அனைத்துக்கும் மேலான அபாயம் முகில். மிதவை விமானங்களிற் பெரும்பாலானவை கண்ணால் நிலத்தைப் பார்த்துப் பறக்கும் விதியின் கீழ்ச் செல்பவை. மலைநாட்டில் முகில் சில நிமிஷங்களில் இறங்கிவிடும். இறங்கிய பின்னர் விமானிக்கு முன்னே உள்ள வெண்மை முகிலா, அம்முகிலுக்குள் ஒளிந்திருக்கும் பாறையா என்று வேறுபடுத்தி அறிய வழியில்லை. யந்திரம் பழுதின்றி இயங்கிக்கொண்டிருக்க, இறக்கைகள் முழுமையாக இருக்க, விமானி தன் கட்டுப்பாட்டில் உள்ள விமானத்தைத் தன்னை அறியாமலே மலையிற் செலுத்திவிடும் இவ்வகை விபத்தே, ஆகாயப் பிரயாண சரித்திரத்தில் மிகுந்த உயிர்களைக் கொண்ட வகைகளுள் ஒன்று.

2015ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் அலாஸ்காவின் கெச்சிக்கன் நகருக்கு அண்மையில் நேர்ந்த விபத்து இதற்குத் தக்க திருஷ்டாந்தமாகும். உல்லாசக் கப்பலொன்றிலிருந்து மலைக்காட்சி காணச் சென்ற 8 பிரயாணிகளையும் விமானியையும் ஏற்றிக்கொண்டு திரும்பிய ஓட்டர் வகை மிதவை விமானம் முகில் சூழ்ந்த மலைச்சரிவொன்றில் மோதியது. ஒன்பது பேரும் மாண்டனர். அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை ஏறத்தாழ இரண்டு வருஷம் விசாரித்து 2017இல் தன் முடிபை வெளியிட்டது. பார்வைக்கு இடந்தராத முகிலினுள் தொடர்ந்து பறக்க விமானி எடுத்த தீர்மானம் முதற்காரணம் என்று கூறியதோடு அச்சபை நின்றுவிடவில்லை. சீரற்ற வானிலையிலும் பறப்பதை மறைமுகமாக ஊக்குவித்த நிறுவனத்தின் வழக்கத்தையும், கப்பல் புறப்படும் நேரத்துக்குள் பிரயாணிகளைச் சேர்த்துவிட வேண்டுமென்ற நெருக்குதலையும் அது எடுத்துக்காட்டியது. எதிரே நிலம் உயர்வதை அறிவித்து எச்சரிக்கும் கருவி அவ்விமானத்தில் இருந்தும், அதன் குரல் அடக்கி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டறிந்தது. அதனினும் மேலாக, அக்குரல் ஏன் அடக்கப்பட்டது என்றும் ஆராய்ந்தது. அத்தகைய சிறு விமானங்கள் சட்டப்படி பறக்கக்கூடிய தாழ்வுயரத்தில் அக்கருவி ஓயாது கூவிக்கொண்டேயிருக்கும் விதத்தில் அமைக்கப்பட்டிருந்தமையால், விமானிகள் அதனை நிறுத்திவைப்பதே வழக்கமாகிவிட்டிருந்தது. குற்றம் ஒருவர் மேல் சுமத்தப்பட்டு விஷயம் முடிக்கப்பட்டிருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிராது. அதே கருவியைத் தாங்கிய வேறு விமானங்களின் பிரயாணிகள் அதே அபாயத்தில் தொடர்ந்து பறந்துகொண்டிருப்பர்.

சப்த கன்னியர் மலை, 1974

இலங்கையின் மத்திய மலைநாடு இத்தகைய துயரத்தை அறியாததன்று. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு, கொழும்பில் இறங்கி ஜித்தாவுக்குச் செல்லவிருந்த மார்ட்டின் எயார் நிறுவனத்தின் டி.சி. 8 விமானம், மஸ்கெலியாவுக்கும் நோர்ட்டன் பிரிட்ஜுக்கும் இடைப்பட்ட சப்த கன்னியர் மலைத்தொடரில் மோதி அழிந்தது. 182 பிரயாணிகளும் 9 சிப்பந்திகளுமாக 191 பேர் மாண்ட அந்நிகழ்ச்சியே இன்றுவரை இலங்கை மண்ணில் நேர்ந்த விமான விபத்துக்களுள் மிகப் பெரியது. அது சிறு விமானமும் அன்று. மிதவை விமானமும் அன்று. ஆயினும் விபத்தின் தன்மை ஒன்றே. விமானநிலையத்திலிருந்து தாம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்த விமானிகள், தாழ்நிலத்தின் மேல் இறங்குவதாக எண்ணிக்கொண்டு, உண்மையில் மலைகளின் மேல் இறங்கிக்கொண்டிருந்தனர். விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் சார்ந்து நின்றதனால் தவறான பொருள்கொள்ள இடமேற்பட்டது என்று இலங்கை விசாரணை முடிபுரைத்தது.

அம்மலையேறி அவ்விடத்தை அடைவது எளிதன்று. தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே, அடர்ந்த காட்டினூடே, செங்குத்தான சரிவிற் சிதறிக் கிடந்த சிதைவுகளை முதலிற் சென்று கண்டவர்கள் அப்பகுதி ஜனங்களே. ஆயினும், மலை அவ்விமானத்தை நெடுநேரம் மறைத்துவைக்க முடியவில்லை; சிதைவுகள் ஆராயப்பட்டன; காரணம் கூறப்பட்டது; உயிரிழந்தோர் நினைவாகச் சின்னம் எழுப்பப்பட்டு, விமானச் சக்கரத்தின் ரயர் ஒன்றும் அங்கு காட்சிக்கு வைக்கப்பட்டது. தூர தேசத்திலிருந்து வந்து மாண்டோருக்காக, அவர்களை ஒருநாளும் கண்டறியாத மலைநாட்டு ஜனங்கள் துக்கம் காத்தார்கள் என்பது நம் நாட்டுக்கு மதிப்பளிக்கும் செய்தியாகும்.

இன்று அம்மலைத் தொடருக்கு அண்மையிலுள்ள காசல்ரீ நீர்த்தேக்கத்தில், கொழும்பிலிருந்து உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிவரும் மிதவை விமானங்கள் இறங்கி எழுகின்றன. 2013இல் தொடங்கப்பட்ட சினமன் எயார் சேவை, நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல செஸ்னா 208 விமானங்களை இதற்குப் பயன்படுத்துகிறது. மலைகளாற் சூழப்பட்ட நீர்ப்பரப்பு, இறங்கும் முகில், கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானம், நேரத்துக்குக் கட்டுப்பட்ட உல்லாசப் பிரயாணம் ஆகிய நான்கும் கெச்சிக்கனில் ஒருங்கு கூடியிருந்தவை. இச்சேவை நம் நாட்டில் வளர வேண்டுமென்று விரும்புவோர் யாவரும், ‘இன்று முகில் இறங்கிவிட்டது, பறக்க முடியாது’ என்று சொல்லும் விமானியின் உரிமையே அச்சேவையின் முதலாவது மூலதனம் என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

நீலகிரியில் மாண்ட கணித சாஸ்திரி

திரும்பாத விமானங்களைப் பற்றி எழுதுவோர் ஆபிரகாம் வால்ட் என்னும் கணித சாஸ்திரியை நினையாமல் அப்பால் செல்ல முடியாது. 1902இல் ஆஸ்திரிய ஹங்கேரி சாம்ராஜ்யத்தின் குளுஜ் நகரிற் பிறந்து, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி அமெரிக்கா சென்ற அவர், இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அமைந்த புள்ளிவிவர ஆராய்ச்சிக் குழுவிற் பணியாற்றினார். பகைவரின் குண்டுகளால் துளைக்கப்பட்டுத் திரும்பி வந்த விமானங்களின் சேதங்களைக் கொண்டு, விமானத்தின் எப்பாகம் எத்துணை பலவீனமானது என்று எவ்வாறு கணிப்பது என்பது அவர் ஆராய்ந்த பிரச்சினைகளுள் ஒன்று. திரும்பி வந்த விமானங்களில் அதிகமாகத் துளைகள் காணப்பட்ட இடங்களே அதிக ஆபத்தான இடங்கள் என்று மேலோட்டமாக நோக்குவோர் கருதுவர். வால்டின் அனுமானம் வேறு. அவ்விடங்களில் துளைபட்டும் அவை திரும்பிவிட்டன அன்றோ? ஆகவே திரும்பி வந்தவற்றில் எங்கே துளைகள் அரிதாக உள்ளனவோ அங்கே அடிபட்டவையே திரும்பாமற் போயின என்று கொள்வதே நியாயம். கண்முன் உள்ள சாட்சியங்களை மாத்திரம் எண்ணுவோர் தவறான முடிபுக்கு வருவர்; இல்லாமற்போன சாட்சியத்தையும் கணக்கிற் சேர்ப்பவரே உண்மையை அணுகுவர்.

இந்திய அரசின் அழைப்பின் பேரில் சொற்பொழிவுகள் நிகழ்த்த வந்திருந்த வால்டும் அவர் மனைவியும், 1950ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள், தென்னிந்தியாவில் ஏர் இந்தியா விமானமொன்றிற் பிரயாணம் செய்துகொண்டிருந்தபோது, அவ்விமானம் கோத்தகிரிக்கு அண்மையில் நீலகிரி மலையில் மோதியதால் உயிர் துறந்தனர். அவருக்கு அப்போது வயது 48. திரும்பாத விமானங்களுக்காகப் பேசிய அறிவு, நம் தமிழ்நாட்டு மலையொன்றிலேயே திரும்பாத விமானமொன்றுடன் அணைந்துபோயிற்று என்பதை நினைக்குந்தோறும் மனம் கனக்கின்றது. ஆனால் அவர் வகுத்த நெறி அழியவில்லை. காணாமற்போனவற்றை எண்ணாத கணக்கு கணக்கேயாகாது என்ற அந்நெறியைக் கையிற் கொண்டே நாம் இனி மன்னார்க் கடலுக்கு வருதல் வேண்டும்.

மன்னாருக்கு வடக்கே, 1998

1998ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் பிற்பகல், யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து கொழும்பை அடுத்த இரத்மலானையை நோக்கி லயன் எயார் நிறுவனத்தின் 602ஆம் இலக்க விமானம் புறப்பட்டது. இரட்டை யந்திரங்களையுடைய அன்டனோவ் 24 வகையைச் சேர்ந்த அவ்விமானத்தில் 48 பிரயாணிகளும் 7 சிப்பந்திகளுமாக 55 பேர் இருந்தனர். பிரயாணிகள் தமிழர்கள். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் கண்டி வீதி யுத்தத்தினால் மூடப்பட்டுக் கிடந்த காலம் அது. மருத்துவத்துக்கும், உத்தியோகத்துக்கும், வெளிநாட்டுப் பிரயாண அலுவலுக்கும், பிள்ளைகளைக் காண்பதற்கும் கொழும்பு செல்ல வேண்டியவர்கள், கப்பலுக்குக் காத்துக் கிடக்க இயலாவிடின், இச்சிறு விமானங்களையே நம்பியிருந்தார்கள். அதே நாட்களில் கிளிநொச்சியில் பெருஞ்சமர் நடைபெற்றுக்கொண்டிருந்தது. புறப்பட்டுப் பத்து நிமிஷம் அளவிலே, விமானத்தினுள் காற்றழுத்தம் குறைகின்றது என்ற செய்தியோடு, ராடார் திரையிலிருந்து அவ்விமானம் மறைந்தது. மேற்குக் கரையோரக் கடலில், மன்னாருக்கு வடக்கேயுள்ள இரணைதீவுப் பக்கத்தில் அது வீழ்ந்தது.

மன்னார்த் தீவுக்கு வடக்கே விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், நாச்சிக்குடா என்று நீண்டு செல்லும் அக்கரையின் எதிரேயுள்ள பாக்குக் குடாவின் பெரும்பகுதி பதினைந்து மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. அயர்லாந்துக் கரைக்கப்பால் 1985 ஜூன் 23ஆம் நாள் வெடிகுண்டினால் அழிந்த ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் ஏறத்தாழ 2,000 மீட்டர் ஆழத்திற் கிடந்தது. அதன் பதிவுக்கருவிகளோ சில வாரங்களுள் மேலே கொண்டுவரப்பட்டன. அவ்வாழத்தோடு ஒப்பிட்டால் இரணைதீவுக் கடல் ஓர் ஆழமேயன்று. ஆனால் லயன் எயார் விமானத்தின் பாகங்கள் எனக் கருதப்பட்டவை 2012ஆம் ஆண்டிலேதான் கண்டறியப்பட்டன. விடுதலைப் புலிகள் இயக்கத்தைச் சேர்ந்திருந்த ஒருவரிடமிருந்து கிடைத்த தகவலைக் கொண்டு, இரணைதீவிலிருந்து ஏவப்பட்ட ஏவுகணையால் விமானம் வீழ்த்தப்பட்டது என விசாரணையாளர் கொண்டு, கடற்படைச் சுழியோடிகளை அவ்விடத்தில் இறக்கினர். 2013இற் சிதைவுகள் மேலே எடுக்கப்பட்டன. கடலிலிருந்து எடுக்கப்பட்ட உடைகளும் பொருள்களும் 2014 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் உறவினர்கள் அடையாளங் காண்பதற்காக வைக்கப்பட்டன. பதினைந்து வருஷங்களாக மரணச் சடங்கு செய்வதா, வரவை எதிர்பார்த்திருப்பதா என்று துணிய முடியாதிருந்த குடும்பங்கள், உப்புநீரில் ஊறிய துணியொன்றைக் கொண்டு விடை தேட வேண்டியதாயிற்று.

இத்தாமதத்துக்குக் கடல் காரணமன்று என்பதை விளக்குவதற்கு, அதற்குத் தெற்கே அடுத்துள்ள மன்னார்க் கடலின் பழைய சரித்திரத்தைச் சிறிது நினைவுகூர்தல் வேண்டும். மன்னார்க் கடலின் அடித்தளத்தைப் போல் கவனமாக ஆராயப்பட்ட கடற்றளம் ஆசியாவில் அரிது. அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளுக்கெதிரே உள்ள முத்துப் பார்களை ஆண்டுதோறும் பரிசோதிப்பதற்கு ஆங்கிலேய ஆட்சி தனி உத்தியோகத்தரை வைத்திருந்தது. சிப்பிகள் ஏன் திடீரென அழிகின்றன என்பதை அறிவதற்காகப் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902இல் வரவழைக்கப்பட்டு, 1903 முதல் 1906 வரையில் ஐந்து பாகங்களாகத் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். காலிற் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சையடக்கி, நம் கரையோர முத்துக்குளிப்போர் இறங்கிச் சென்ற ஆழங்கள், பாக்குக் குடாவின் பெரும்பாலான இடங்களின் ஆழத்துக்குக் குறைந்தவையல்ல. முத்துக்காக ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே பார் பாராகத் தேடிப் பார்க்கப்பட்ட கடலுக்கு அடுத்த கடலில், 55 மனிதர் சென்ற விமானம் பதினான்கு வருஷம் தேடுவாரின்றிக் கிடந்தது. தேடக்கூடிய கடல் அது. தேட அனுமதியாத காலம் அது. ஒரு கரையில் ஒரு படை, மறுகரையில் மறுபடை, இடையே வள்ளம் செல்லத் தடை என்றிருந்த யுத்தமே அவ்விமானத்தின் மேற் கிடந்த உண்மையான ஆழமாகும்.

இன்னொன்றும் உண்டு. சப்த கன்னியர் மலைச்சரிவுக்கு முதலில் ஏறிச் சென்றவர்கள் தோட்டத்து ஜனங்கள். இரணைதீவில் அவ்வாறு ஓடிச் செல்வதற்கு ஜனங்கள் இருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கடற்றொழில் செய்து வாழ்ந்த அத்தீவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் 1992இல் இடம்பெயர்ந்து, எதிர்க்கரையிலுள்ள இரணைமாதாநகரில் தங்கியிருந்தன. எந்தப் பாரில் வலை சிக்கும், வாடைக்காற்றில் நீரோட்டம் எதனை எங்கே ஒதுக்கும், கச்சான் காலத்தில் மிதப்பது எக்கரையில் அடையும் என்பதையெல்லாம் ஏட்டில் எழுதாமலே அறிந்திருந்த அம்மக்கள் தங்கள் கடலிலிருந்து விலக்கப்பட்டிருந்த காலத்திலேயே அவ்விமானம் வீழ்ந்தது. நீண்ட போராட்டத்தின் பின்னர், 2018 ஏப்ரலில், அவர்கள் தங்கள் வள்ளங்களிலே தீவுக்குத் திரும்பினார்கள். ஜனங்கள் இல்லாத நிலம் சாட்சி இல்லாத நிலமாகிவிடுகின்றது என்பது இச்சரித்திரம் புகட்டும் பாடங்களுள் முதன்மையானது.

சட்டமும் கடமையும்

1944 டிசம்பர் 7ஆம் நாள் சிக்காகோவிற் கைச்சாத்திடப்பட்ட சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 26ஆம் உறுப்பு, வேற்றுநாட்டு விமானமொன்று தன் எல்லைக்குள் மரணம் விளைவிக்கும் விபத்துக்குள்ளானால், அந்நாடு விசாரணை நிகழ்த்த வேண்டுமெனக் கடமை விதிக்கின்றது. 1951இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட அதன் 13ஆம் இணைப்பு அவ்விசாரணையின் நோக்கத்தை வரையறுத்து, எதிர்கால விபத்துக்களைத் தடுப்பதே அதன் ஏக நோக்கம் என்றும், குற்றத்தைப் பங்கிடுதல் அதன் வேலையன்று என்றும் கூறுகின்றது. கெச்சிக்கன் விசாரணை எச்சரிக்கைக் கருவியின் குறையை வெளிக்கொணர்ந்தது இந்நெறியின் பயனாகும். குற்றவாளியைக் கண்டு தண்டிக்கும் விசாரணை வேறு, அதுவும் அவசியமானதே. இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், தண்டனைக்கு அஞ்சி உண்மை சொல்வோர் குறைவர். உண்மை குறைந்தால் அடுத்த பிரயாணியின் பாதுகாப்பும் குறையும்.

லயன் எயார் விமானத்தின் விஷயத்தில் மற்றொரு சட்டமும் நினைக்கத்தக்கது. 1983 செப்டம்பர் முதல் நாள் கொரிய விமானமொன்று சோவியத் போர்விமானத்தாற் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டதன் விளைவாக, பறந்துகொண்டிருக்கும் சிவில் விமானங்களின்மீது அரசுகள் ஆயுதம் பிரயோகித்தல் ஆகாது என்னும் புதிய உறுப்பொன்று 1984 மே 10ஆம் நாள் மொன்றியலில் இயற்றப்பட்டது. போதிய நாடுகளின் சம்மதம் சேர்ந்து அது நடைமுறைக்கு வந்த நாள் 1998 அக்டோபர் 1. இரணைதீவுக் கடலில் 55 பேர் வீழ்ந்த இரண்டாம் நாள். அவ்வுறுப்பு அரசுகளைக் கட்டுப்படுத்துவது. இயக்கங்களை நேராகச் சுட்டுவதன்று. ஆயினும், சிவில் விமானத்தை அழித்தல் குற்றமென 1971இன் மொன்றியல் உடன்படிக்கை முன்னரே கூறியிருந்தது. போரில் ஈடுபடாத ஜனங்களை இலக்காக்கலாகாது என்ற தர்மமோ எந்த உடன்படிக்கைக்கும் மூத்தது. பிரயாணச் சீட்டு வாங்கி ஏறிய ஒரு தாயோ, மாணவனோ, நோயாளியோ யாருடைய இலட்சியத்துக்கும் பகையல்லர். இதனை எத்தரப்பாரின் துயரத்தையும் குறைத்துக் காட்டாமலே, எத்தரப்பாரின் செயலையும் மறைத்துப் பேசாமலே, தமிழில் நாம் வெளிப்படையாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஏனெனில் அவ்விமானத்தில் மாண்ட பிரயாணிகள் நம்மவர். அவர்களுக்காகப் பேசத் தயங்கும் சமூகம் பிறருக்காகப் பேசும் தகுதியையும் இழந்துவிடும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றிலிருந்து செயலுக்குரிய சில முடிபுகள் பிறக்கின்றன. முதலாவது, விபத்து விசாரணையின் விவரங்கள் அனைத்தும் மாண்டோரின் உறவினருக்கு அவர்களுடைய தாய்மொழியிலேயே அறிவிக்கப்படுதல் வேண்டும். கடலிலிருந்து எடுத்த பொருளை அடையாளங் காட்டுமாறு கேட்பதோடு அரசின் கடமை தீர்ந்துவிடாது. இரண்டாவது, மன்னார் முதல் பூநகரிவரையுள்ள கரையோரத்துக் கடற்றொழிலாளரின் அறிவு, தேடல் மீட்புப் பணித் திட்டங்களிலே முறைப்படி இடம்பெற வேண்டும். வள்ளமும் வானொலித் தொடர்பும் உடைய ஒரு கிராமம், தூரத்துத் துறைமுகத்திலிருந்து கப்பல் வந்து சேரும் முன்னரே உயிரொன்றைக் காப்பாற்றக்கூடும். மூன்றாவது, மலைநாட்டு நீர்த்தேக்கங்களுக்குச் செல்லும் மிதவை விமானங்கள் சிறியவை என்பதற்காக அவற்றின் மேற்பார்வையும் சிறிதாக இருத்தல் ஆகாது. பதிவுக்கருவியும், அவ்வகைப் பறப்புக்கு ஏற்றவாறு அமைக்கப்பட்ட எச்சரிக்கைக் கருவியும், வானிலையை அறிவிக்கும் நிலையங்களும், பறக்க மறுக்கும் விமானிக்குப் பாதுகாப்பும் அவற்றுக்கும் உரியன.

2019 அக்டோபர் 17ஆம் நாள் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கியது. ஒருகாலத்தில் வேறுவழியின்மையாற் செய்யப்பட்ட ஆகாயப் பிரயாணம் இன்று விருப்பத்தோடு செய்யப்படும் பிரயாணமாயிற்று. இன்று அங்கிருந்து ஏறுவோரிற் பலர் 1998இல் பிறந்தேயிராதவர்கள். 602ஆம் இலக்க விமானத்தைப் பற்றி ஒன்றும் கேள்விப்படாதவர்கள். அவர்களுடைய பாதுகாப்பு, அவர்கள் அறியாத அப்பிரயாணிகளின் முடிவை நாம் எவ்வளவு நேர்மையாக ஆராய்ந்து எழுதி வைக்கிறோம் என்பதிலும் தங்கியிருக்கிறது. மலையின் உயரத்தையும் கடலின் ஆழத்தையும் அளப்பதற்குக் கருவிகள் உள. ஒரு சமூகம் தன் மாண்டோரைத் தேடுவதற்குக் கொண்டுள்ள மனவுறுதியே, அதே மார்க்கத்தில் நாளை பறக்கப்போகும் உயிருள்ளோருக்கு அது அளிக்கும் பாதுகாப்பின் அளவாகும்.